ஒன்பது சைபர்

கச்சிராயபாளையம்
12.11.2023

அன்புள்ள ஜெபீனாவுக்கு,

தங்கமணி எழுதுவது. இன்று தீபாவளி. தபாலாபீஸ் திறக்க இன்னும் இரண்டு நாள் ஆகும். இருந்தாலும் எழுதி வைத்துவிட்டால் ஒரு வேலை முடிந்தது.

இந்த மாதப் படிவம் இதோடு இருக்கிறது. வலி எவ்வளவு என்று சைபரிலிருந்து பத்து வரை கட்டம் போட்டிருக்கிறீர்களே, அதில் சைபரைச் சுழித்திருக்கிறேன். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, கசிவு இல்லை. எல்லா 'இல்லை'யிலும் டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்தாயிற்று. உங்கள் ஆபீஸுக்கு அது போதும். இந்தத் தாள் உனக்கு.

புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கோமுகி அணையில் தண்ணீர் நிற்கிறது. கரும்பு ஆள் உயரம் தாண்டிவிட்டது. நான் வாய்க்கால் வரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார்கள். போன மார்கழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பெட்டி சாய்ந்து என் முழங்காலுக்குக் கீழே நொறுக்கியதும், உள்ளே சீழ் பிடித்து நாலு விரற்கடை எலும்பை அறுத்து எறிந்ததும், அந்த இடத்தில் கள்ளக்குறிச்சிப் பெண் ஒருத்தி மெட்ராஸில் செய்த துண்டை வைத்ததும் இந்த ஊரில் தெரியாத ஆள் கிடையாது. எங்கே, நடந்து காட்டு என்கிறார்கள். நானும் நடந்து காட்டுகிறேன். பூம்பூம் மாட்டுப் பிழைப்பாகிவிட்டது என் பிழைப்பு.

போன வாரம் கள்ளக்குறிச்சியில் உன் அப்பா கடைக்குப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் சாதுல்லா பாய் தன் நாற்காலியையே தூக்கிப் போட்டார். கடைக்கு வந்த ஆட்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு வெச்ச காலு இது" என்றார். அங்கேயும் எழுந்து நடந்து காட்டிவிட்டுத்தான் வந்தேன். உன் அம்மா கமர் ஜஹான் உள்ளேயிருந்து டீ கொடுத்து அனுப்பினார்கள்.

என் அண்ணன் கண்ணாயிரத்தின் மகன் சுபாஷைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, மலையிலிருந்து மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டி கவிழ்ந்து கால் ஒடிந்தவன். தகடு வைத்தும் எலும்பு ஒட்டவில்லையாம். இடுப்பிலிருந்து எலும்பு வெட்டி வைக்க வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். அண்ணன் பயப்படுகிறான். உன் நம்பரைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. நீ பொறுமையாகவே பார்.

எங்கள் வீட்டுக்காரர் தலைக்கு மேலே நிற்கிறார். "மாசாமாசம் மெட்ராசுக்கு இன்னாதான் எழுதிக்கினு இருப்பே?" என்று கேட்கிறார். முடிக்கிறேன்.

தங்கமணி


சென்னை
24.11.2023

அன்புள்ள தங்கமணி அக்காவுக்கு,

படிவமும் கடிதமும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதம். மூன்று வாரமாக ஆய்வகத்தைவிட்டு வெளியே போனதே குறைவு. கண் எரிகிறது. ஊருக்கு வந்து ஆறு மாதமாகிவிட்டது. அம்மா போனில், "நீ எலும்பையே கட்டிக்கினு அழு" என்கிறார்கள்.

சுபாஷின் அப்பா பேசினார். அது என்ன பொருள், உடம்புக்குள் கெட்டுப்போகாதா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன், ஊரில் கேட்கிறவர்களுக்கு நீங்கள் சொல்லலாம். நம் எலும்பில் இயற்கையாகவே ஒரு சுண்ணாம்பு உப்பு இருக்கிறது. அதையே தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகளாகச் செய்கிறோம். நானோ என்பது அதுதான். அந்தத் துகள்களை, மெதுவாகக் கரையும் ஒரு பிளாஸ்டிக் வலையில் பிடித்து வைக்கிறோம். துகள் அவ்வளவு சிறிதாக இருந்தால் உடம்பு அதை வெளியாள் என்று விரட்டாமல் வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்ளும். எலும்பு உள்ளே வளர வளர வலை கரைந்து போய்விட வேண்டும். கடைசியில் உங்கள் எலும்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும். உடம்பு ஏற்றுக்கொள்கிறதா இல்லையா என்பதில்தான் என் நான்கு வருஷமும் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. முதல் குழுவில் நீங்கள் ஒன்பது பேர். கல்வராயன் மலையிலிருந்து வந்த ராஜாங்கம் அய்யா உட்பட ஒன்பது பேரும் இந்த மாதம் சைபர்தான் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்பது சைபரையும் பார்த்துவிட்டு, அடுத்து முப்பது பேருக்கு வைக்கலாம் என்று நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. சுபாஷின் பெயர் பட்டியலில் முதலில் இருக்கிறது. ஜனவரி 8ஆம் தேதி அறுவை சிகிச்சை. நீங்கள் சொன்னதால்தான் அவர்கள் சம்மதித்தார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சின்ன விஷயம். அக்டோபரில் கள்ளக்குறிச்சியில் எடுத்து அனுப்பிய எக்ஸ்ரேயில் துண்டின் ஓரமாக ஒரு மங்கல் தெரிகிறது. படம் எடுக்கும்போது காலை அசைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வலி இல்லைதானே, அக்கா? இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள், கோப்பில் வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஜெபீனா


கச்சிராயபாளையம்
27.12.2023

அன்புள்ள ஜெபீனா,

முந்தாநாள் நீ போன் செய்தபோது நல்லா இருக்கேன் என்று சொன்னேன். அதற்கு முந்தின வாரமும் அதையேதான் சொன்னேன். போனில் கேட்டால் என் வாய் தானாக அதைத்தான் சொல்கிறது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

சுபாஷுக்கு அதை வைக்காதே.

எனக்கு ஆடி மாதத்திலிருந்து வலிக்கிறது. முதலில் அந்த இடம் சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. ஆவணி முடிவில் அது உடைந்து தண்ணீர் மாதிரி வந்தது. நாற்றம் இல்லை, சீழும் இல்லை, லேசாக மஞ்சளாக ஒரு நீர். அன்றிலிருந்து பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நடந்து காட்டுகிற அன்றெல்லாம் சாயங்காலம் கால் தகிக்கும். குந்தி எழுந்திருக்கக் கதவைப் பிடிக்க வேண்டும். அக்டோபரில் படம் எடுத்தபோது நான் காலை அசைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்குப் புரட்டாசியில் தெரிந்துவிட்டது. துணியைத் துவைக்கும்போது பார்த்துவிட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லேன்" என்றார். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்றேன். அடுத்த மாசமும் அதையே சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னால் குனிய முடியாது. கால் நகம் வளர்ந்து போர்வையில் மாட்டி மாட்டி இழுத்தது. நர்ஸ் யாரும் கண்டுகொள்ளவில்லை. நீ நோட்டில் ஏதோ எழுத வந்தவள், தரையில் உட்கார்ந்து பத்து நகத்தையும் வெட்டிவிட்டுப் போனாய். என் வயிற்றில் பிறந்தது ஒன்றும் இல்லை. என் காலை அப்படித் தொட்ட ஆள் வேறு கிடையாது. அதற்கு மறுநாள் வராண்டாவில் பெரிய டாக்டர் உன்னிடம் சொன்னதையும் கேட்டேன். ஒன்பதில் ஒன்று கெட்டாலும் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றார். நீ தலையை ஆட்டினாய். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், அந்த ஒன்று நானாக இருக்க மாட்டேன் என்று.

சோறு போட்டவளிடம் கல் கிடக்கிறது என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கல்லை நாக்கால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போடு என்போம். அப்படித்தான் வளர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரித் தாளை வைத்துக்கொண்டு சுபாஷ் உட்கார்ந்திருந்தான். அப்பன் சொல்வதை அவன் காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டான், "அத்தே, நெஜமாவே வலிக்கலையா? நீ சொன்னா போட்டுக்கறேன்." வலிக்கலடா என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டான், பேனாவைக்கூட அங்கேயே வைத்துவிட்டுப் போனான். என் காலை வைத்துக்கொண்டு நான் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். அவன் இருபத்து நாலு வயசுக்காரன்.

உன் நான்கு வருஷத்தைக் கெடுக்கிறேன் என்று தெரிகிறது. என்னை மன்னித்துவிடு.

தங்கமணி


சென்னை
31.12.2023

திருமதி தங்கமணி அவர்களுக்கு,

27ஆம் தேதியிட்ட உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. சுபாஷின் அறுவை சிகிச்சை நிறுத்தப்பட்டுவிட்டது. அவருடைய தந்தைக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் உங்களிடம் கேட்டது மாதத்துக்கு ஒரே ஒரு எண். மார்ச் முதல் டிசம்பர் வரை பத்துப் படிவம் வந்திருக்கிறது. அதில் கடைசி ஐந்தும் பொய். வலை கரையும்போது கொஞ்சம் அமிலம் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். முயலின் எலும்பில் அரிசி அளவுதான் வைத்தோம், அதன் உடம்பு அந்த அமிலத்தைச் சமாளித்துவிட்டது. உங்களுக்கு வைத்தது நாலு விரற்கடை. நடுவில் சேர்ந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் நின்றிருக்க வேண்டும். சுற்றியுள்ள தசை அதை எதிரியாக நினைத்துச் சுவர் கட்டியிருக்க வேண்டும். இது எனக்கு ஆகஸ்டிலேயே தெரிந்திருந்தால் மற்ற எட்டுப் பேரையும் அப்போதே கூப்பிட்டுப் பார்த்திருப்பேன். வலையை மாற்றியிருப்பேன். ஐந்து மாதம் போய்விட்டது.

உங்கள் இரக்கத்தை யாரும் கேட்கவில்லை. நகம் வெட்டியதற்கு இதுதான் கைம்மாறு என்று தெரிந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டேன்.

உடனே சென்னைக்கு வந்து காட்டவும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மார்ச் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டவோ கட்டுத் தூக்கவோ போனீர்களா என்பது கேள்வி. ஆம் என்றால், கெட்டது துண்டால் அல்ல, சொன்னதை மீறிச் சுமை ஏற்றியதால் என்று கொள்ள இடமுண்டு என்று என் மேற்பார்வையாளர் கருதுகிறார். அப்படியானால் ஆய்வு தொடரலாம். ஆம் அல்லது இல்லை என்று குறித்துக் கையெழுத்திட்டு அனுப்பவும். இந்த முறையாவது உண்மையாக.

சா. ஜெபீனா


கச்சிராயபாளையம்
7.1.2024

ஜெபீனாவுக்கு,

திருமதி என்று போட்டிருந்தாய். ரொம்ப சந்தோஷம். எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன், யாரோ வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார்.

நான் செய்தது தப்புதான். அதை நானே எழுதித் தெரிவித்தேன், நீ கண்டுபிடிக்கவில்லை. சுபாஷிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணிதான் பேசினாள். என் புள்ளைய வெச்சி சோதனை பண்ணப் பாத்தியாடி என்று கேட்டாள். வாசலோடு திரும்பி வந்தேன்.

ஆனால் உன்னையும் ஒன்று கேட்கிறேன். நீ நவம்பரில் எழுதியதை நீயே ஒரு முறை படித்துப் பார். 'வலி இல்லைதானே, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.' இப்படிக் கேட்டால் செத்த பிணம்கூட இல்லை என்றுதான் சொல்லும். பத்து மாதம் போன் செய்தாய். என்ன நம்பர் என்றுதான் கேட்டாய். எப்படிக் குந்துகிறாய், எப்படி எழுந்திருக்கிறாய், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் என் வாயிலிருந்து வந்திருக்கும். சைபர் என்று சொன்னதும் தேங்க்ஸ் அக்கா என்று சொல்லி வைத்துவிடுவாய். உன் குரலில் அப்படி ஒரு நிம்மதி இருக்கும். அதைக் கேட்பதற்காகவே அடுத்த மாசமும் சைபர் போட்டேன்.

நகத்தை வெட்டியிருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். இன்றைக்கும் இருக்கிறது.

உன் தாளைக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நான் கரும்பு வெட்டப் போகவில்லை. கத்தியைத் தொட்டே ஒரு வருஷம் ஆகிறது, ஒரு கட்டைக்கூடத் தூக்கவில்லை. நீங்கள் சொன்னதைச் சொன்னபடி கேட்டேன். ஆனாலும் ஆம் என்று டிக் போட்டிருக்கிறேன். உனக்கு அதுதான் வேண்டும் என்று கேள்வியிலேயே தெரிகிறது. இது இருந்தால் உன் படிப்பு தப்பிக்கும் என்றால் எடுத்துக்கொள், என் கால் எப்படியும் போனதுதான். ஆனால் வேறு யாருக்கும் அதை வைக்காதே. வைக்காமலே டாக்டர் பட்டம் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்.

மெட்ராஸுக்கு வருகிறேன். பொங்கல் போகட்டும். இப்போது பஸ்ஸில் அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியவில்லை.

தங்கமணி


சென்னை
19.1.2024

அன்புள்ள தங்கமணி அக்கா,

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை மேற்பார்வையாளரிடம் கொடுக்கவில்லை. நான்கு நாள் பையில் வைத்திருந்தேன். கொடுப்பதற்காகத்தான் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலன்று ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஒன்பது பேரின் எக்ஸ்ரேக்களையும் எடுத்து விளக்குப் பெட்டியில் வரிசையாக வைத்தேன். உங்களுடையதில் இருந்த அதே மங்கல் இன்னும் மூன்று பேரின் படத்தில் இருந்தது. அவை புதிதாக வந்த படங்கள் இல்லை, அக்கா. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நான் என் கையால் கோப்பில் வைத்த படங்கள். ஒவ்வொன்றாக வந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒருவர் அசைந்தார், ஒரு மெஷின் பழசு, ஒருவருக்கு வயதாகிவிட்டது. பக்கத்தில் சைபர் இருந்தது. சைபர் இருந்ததால் படத்தை நம்பவில்லை. நான் உங்களிடம் அப்படிக் கேட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இல்லை என்ற பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது. நீங்கள் பொய் சொன்னீர்கள், நான் அதைக் கேட்டு வாங்கினேன்.

பதினேழாம் தேதி எல்லாவற்றையும் எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். படங்களையும் சேர்த்துத்தான். ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வையாளர் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, எதுவும் வரவில்லை. களைப்பாக இருக்கிறது. பட்டம் இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷம் உண்டா என்று கேட்க இப்போது தெம்பு இல்லை.

மறுநாளே ஒன்பது பேரையும் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஐந்து பேர் இன்றைக்குள் வந்துவிட்டார்கள். அதில் நான்கு பேருக்கு உங்களைப் போலவே வீக்கமும் கசிவும் இருக்கிறது. நான்கு பேரும் மாதாமாதம் சைபர் போட்டவர்கள். என்னைப் பார்க்கவிடவில்லை, வேறொரு டாக்டர் கேட்டுச் சொன்னார். ஒரு அம்மா, திட்டுவார்கள் என்று பயந்தாராம். ஒருவர், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் செய்தது தப்பாகாது, வலி தானாகப் போய்விடும் என்று இருந்தாராம். இன்னொருவருடைய மனைவி அவரைக் கேட்காமலே படிவத்தை நிரப்பியிருக்கிறார். நல்லவேளை, எல்லாரும் காலுக்கு ஆபத்து வருவதற்குள் வந்துவிட்டார்கள்.

ராஜாங்கம் அய்யாவைத்தான் பிடிக்க முடியவில்லை. உங்களோடு பயிற்சி அறையில் கம்பியைப் பிடித்து நடந்தாரே, வெள்ளிமலைப் பக்கத்துக்காரர். அவருடைய போன் எடுக்கப்படவில்லை. டிசம்பரில் ஒரு வழக்கமான பரிசோதனைக்குக் கூப்பிட்டு அனுப்பிய பதிவுத் தபாலும், ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. அவருக்குச் சர்க்கரை வேறு உண்டு. குழு ஆள் அனுப்புகிறோம் என்கிறது. எப்போது என்று சொல்லவில்லை. நோயாளிகள் யாரையும் நான் தொடர்புகொள்ளக் கூடாது. இந்தக் கடிதமே எழுதக் கூடாதது.

உங்கள் காலிலிருந்து துண்டை எடுக்கப் பிப்ரவரி 12ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். புண் ஆறிய பிறகு உங்கள் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்து வைப்பார்கள். உங்கள் கால் நிற்கும், படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். அன்று நான் அங்கே இருக்க அனுமதி இல்லை.

நகத்தைப் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது. அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஜெபீனா


கள்ளக்குறிச்சி
4.2.2024

அன்புள்ள ஜெபீனாவுக்கு,

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்காக வரவில்லை, ராஜாங்கத்துக்காக வந்தேன்.

நீ என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் வேறு எதற்கு அவ்வளவு விவரமாக எழுதினாய். கடிதம் வந்ததிலிருந்து அவர் முகமே கண் முன்னால் நின்றது. உடனே போயிருக்க வேண்டும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டேன், அது என் தப்பு இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை எங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கிய இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் மேடு. அதை ஏற ஒரு மணி நேரம் ஆனது.

ராஜாங்கம் வீட்டில்தான் இருந்தார். அவர் எங்கேயும் போகவில்லை. தபால்காரர் வந்தபோது, ஊரில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னவரே அவர்தான். அவருடைய மகள் மலர்விழி சொன்னாள். படிவத்தில் சைபர் போட்டதும் அவள்தான், அப்பன் சொல்லச் சொல்ல.

என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. "நல்லா இருக்கேங்க" என்றார். போர்வையைப் போட்டுக் காலை மூடிக்கொண்டார். வாசலிலேயே நாற்றம் அடித்தது, ஜெபீனா. பச்சிலையை அரைத்துக் கட்டியிருந்தார்கள். அதை எடுத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். எனக்கு வந்தது தண்ணீர், அவருக்கு உள்ளே எல்லாம் கறுத்துப்போய் இருந்தது.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும். "அந்தப் பொண்ணு போன்ல சொல்லுச்சிங்க, தங்கமணி அக்காவுக்கு வலியே இல்ல, நல்லா நடக்கறாங்கன்னு. ஒரே மருந்துதானே ரெண்டு பேருக்கும். அவங்களுக்கு ஒத்துக்கிச்சி, எனக்கு ஒத்துக்கல. அப்ப என் ஒடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். இதப் போய் எப்படி அந்தப் பொண்ணுகிட்ட சொல்றது?"

அவருக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் நீ சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும். நான் போட்ட சைபரைத்தான் நீ அவருக்குச் சொன்னாய். அங்கேயே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாங்க, கீழே போய்க் காட்டலாம் என்று மட்டும் சொன்னேன். மலர்விழி ஒரு ஜீப்பைப் பிடித்தாள். கச்சிராயபாளையம் தாண்டி இங்கே வந்து சேரும் வரை அவர் என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். இன்று காலையில் டாக்டர் வந்து சொல்லிவிட்டார். எலும்புக்குள் சீழ் ஏறிவிட்டது, சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். மலர்விழி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராஜாங்கம் அழவில்லை. சரிங்க என்றார். எப்போது என்று கேட்டார். நாளைக்கு என்றார்கள். அதற்கும் சரிங்க என்றார்.

டாக்டர் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். "தங்கமணிம்மா, இதனால அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. புடவையைத் தூக்கிக் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினேன். எனக்கும் வலிச்சுதுங்க, ஆடி மாசத்துலேர்ந்து வலிச்சுது, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் காலையே பார்த்தார்.

"அப்ப எனக்கு மட்டும் இல்லையா?" என்றார்.

இல்லைங்க, எல்லாருக்கும்தான் என்றேன். கால் போகும் என்று சொன்னபோது அழாத மனிதர், அப்போதுதான் அழுதார்.

தங்கமணி